மொத்த எடை

முதலாளி அதை மேசைமேல் தள்ளினார்,
கடன்சீட்டைத் தள்ளுவதுபோல.
"இனிமே நீ எங்க இருந்தாலும் ஆபீஸ்லதான் இருக்க."
பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன்.

பழவண்டிகள் நிற்கும் சீசன்.
பிளாக்பெர்ரி என்றதும் எதிர்வீட்டுத் தவமணி
"நாவப்பழமா?" என்றாள்.
எங்கள் தெருவில் அதற்கு
அப்புறம் வேறு பெயர் இல்லை.

சோளமுத்து அளவில் பொத்தான்கள்.
நடுவே வெள்ளையாய் ஓர் உருண்டை,
குழம்பில் வெந்த மீனின் கண்.
பெருவிரலால் உருட்டினால்
ராட்டர்டாம் மேலே போகும், ஹாம்பர்க் கீழே வரும்.
மூலையில் சிவப்பு விளக்கு.
கொசுவலைக்குள் அது சிமிட்டச் சிமிட்ட
பிலோமி விழித்தே கிடப்பாள்.
"அவங்க ஊர்ல இப்பதான் சாயங்காலம்" என்பேன்.
"நம்ம ஊர்ல?" என்பாள்.

கொருக்குப்பேட்டை கேட் மூடியிருந்தால் எனக்குக் கொண்டாட்டம்.
சரக்கு ரயில் கடந்து முடிவதற்குள்
இரண்டு மெயிலுக்குப் பதில் போட்டுவிடுவேன்,
வண்டியில் உட்கார்ந்தபடியே,
தலை குனிந்து, இரண்டு பெருவிரலால்.
பக்கத்தில் கூடையோடு நின்ற மீன்காரம்மா
"ஜெபமாலை உருட்டுறாரு, ஆரன் அடிக்காத" என்று
ஆட்டோக்காரரை அதட்டினார் ஒருநாள்.

வியாழன் ராத்திரி பிலோமிக்கு வலி கண்டது.
ராயபுரம் பிரசவ ஆஸ்பத்திரியில்
ஆம்பளைகளுக்கு வாசல்வரைதான்.
மரத்தடியில் பேப்பர் விரித்து, ஃபிளாஸ்க்கைத் தலைமாட்டில் வைத்து
படுத்திருந்த அப்பன்மார் நடுவே
என் கையில் மட்டும் சிவப்பு வெளிச்சம்.
"அதுல உள்ள நடக்குறது தெரியுமாண்ணே?"
என்று கேட்டார் ஒருத்தர், நிஜமாகவே.

தெரியாது.
அதில் தெரிந்தது
திருவொற்றியூர் வரிசையில் மூன்றாவது நாளாய் நிற்கும் லாரி.
டிரைவர் ஏகாம்பரம் லைனில் வந்தார்:
"முன்னாடி எரநூறு வண்டி சார். கேபின்லயே
சோறு பொங்கித் தின்னுட்டு கெடக்குறோம். கப்பல் போயிடுமா?"
போகாது என்றேன். எனக்கென்ன தெரியும்.
ஹாம்பர்க்கில் உலா பிரிங்க்மன்
பத்து நிமிடத்தில் வீட்டுக்குக் கிளம்புகிறார்,
அதற்குள் மொத்த எடை வேண்டுமாம்.

கதவைத் திறந்து ஆயா கூவினார்:
"பிலோமினா வூட்டுக்காரர் யாருப்பா?
பொண்ணு. ரெண்டு எண்ணூத்தம்பது."
கேட்டேன். தலையாட்டினேன்.
பெருவிரல்கள் அதுபாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தன.
அனுப்பியும்விட்டன.

ஏழாவது நிமிடம் சிமிட்டியது.
"அன்புள்ள திரு லூர்துநாதன்,
நாற்பதடிக் கண்டெய்னர், பதனிட்ட தோல்,
மொத்த எடை 2.850 கிலோ.
மிகவும் குறைவாக இருக்கிறதே. உறுதி செய்யவும்."

அவர்கள் ஊரில் ஆயிரத்துக்குப் பக்கத்தில் புள்ளி வைப்பார்கள்.
இரண்டாயிரத்து எண்ணூற்றைம்பது கிலோ
என்று படித்திருக்கிறார் என் பிள்ளையை,
படித்துவிட்டு, போதாது என்கிறார்.

மரத்தடியில் உட்கார்ந்து எழுதினேன்.
கண்டெய்னர் 18,420.
முந்தையது என் மகள்.
அந்தச் சொல்லை முதன்முதலில் எழுதியது அப்போதுதான்,
அதுவும் இங்கிலீஷில், அதுவும் ஓர் எழுத்து விட்டுப்போய்.
அடியில் வழக்கம்போல் தானாகவே ஒட்டிக்கொண்டது
எந்த போனிலிருந்து அனுப்பப்பட்டது என்ற வரி.

மறுபடி ஏகாம்பரம். "நாலு வண்டி நகுந்துச்சி சார்."
"வந்தாச்சு ஏகாம்பரம்" என்றேன்.
"ஆர்டரா சார்?"

விடியும் முன் ஐந்து நிமிடம் உள்ளே விட்டார்கள்.
துணிச்சுருளை வாங்கி மார்போடு அணைத்தேன்.
சட்டைப்பை சிமிட்டியது,
துணியின் ஓரம் சிவந்து சிவந்து அணைந்தது.
பிலோமி கையை நீட்டினாள்.
பிள்ளையைத்தான் கேட்கிறாள் என்று குனிந்தேன்.
பைக்குள் விரல்விட்டு போனை எடுத்தாள்,
பின்மூடியை நகத்தால் நெம்பி
பேட்டரியைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டாள்.

கப்பல் போய்விட்டதா இல்லையா,
எட்டு மணிவரை எனக்குத் தெரியாது.