இடது கால் முதலில்

ராயக்கோட்டை சாலையில் டயர் கடைக்கு மேல்மாடி.
காலை ஏழு.
இரவு ஷிஃப்ட் முடித்து
சுங்கச்சாவடிச் சீருடையைப் பைக்குள் திணித்து
படி ஏறுகிறேன்,
ஒவ்வொரு படியிலும் இரண்டு கால்களும்
சந்தித்துச் சமாதானம் பேசிக்கொண்ட பிறகு.

பதினோரு பெண்கள். மூலை உடைந்த ஒரு கண்ணாடி.
மாங்கூழ் ஆலையில் லேபிள் ஒட்டும் கெம்பம்மா,
பத்திரப்பதிவு ஆபீஸ் ஷமீம்,
நைட்டிக்கு மேல் துண்டு போட்ட மற்றவர்கள்.
"இன்னைக்கு மெரெங்கே" என்றான் ட்ரெய்னர் தௌலத்.
"கரீபியன் கடல்ல ஒரு தீவு…"
"பர்கூருக்கு அந்தப் பக்கமா?" என்றாள் கெம்பம்மா.
ஷமீம் போனில் தேடினாள்:
முட்டை வெள்ளையில் சர்க்கரை போட்டு
நுரைக்க அடிக்கும் பலகாரத்துக்கும்
கிட்டத்தட்ட அதே பேராம்.
"அடி வாங்கறது நாமதான்" என்றது பின்வரிசை.

முதலில் ஒரு சுரண்டல் வந்தது.
தகரக் குழாயைக் கம்பியால் சுரண்டுகிறார்களாம்.
எனக்குத் தெரிந்த சத்தம்தான்,
களிப் பானையின் அடியில் பிடித்த தீய்வை
பஸ் வருவதற்குள் வழித்தெடுக்கும் கரண்டி.
அப்புறம் மத்தளம்,
ஒரு பக்கம் குச்சி, ஒரு பக்கம் உள்ளங்கை,
தவிலுக்கு ஒன்றுவிட்ட தம்பி.
அதன்மேல் அக்கார்டியன்,
மூச்சு வாங்காமல் சில்லறை கேட்கும் கண்டக்டர்.

ஒன்று, இரண்டு. ஒன்று, இரண்டு.
மூன்று என்பதே கிடையாது.
"இடது காலை வைங்க. வலதை இழுத்துச் சேருங்க."

வலது காலை எடுத்து வைத்து வா என்றார்கள் ஒருநாள்.
வந்தேன்.
அதே கால்தான்
தொப்பூர் கணவாயில் பஸ் புரண்டபோது
சீட்டுக்கு அடியில் மாட்டிக்கொண்டது.
இப்போது உள்ளே ஒரு கம்பி.
மழைக்கு முன் அதற்குத்தான் முதலில் தெரியும்.

"எல்லாரும் அக்காவைப் பாருங்க,
அவங்க இழுக்கிற மாதிரி இழுங்க,
அதுதான் ஒரிஜினல்."

பார்த்தார்கள்.
பாட்டு மட்டும் பார்க்காமல் ஓடிக்கொண்டிருந்தது.
செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு இறங்கினேன்.

நான்கு நாள் போகவில்லை.
வாட்ஸப்பில் அவன் குரல்:
"கிண்டல் இல்லக்கா.
சண்டையில கால்ல அடிபட்டுத் திரும்பினவன்
விருந்துல ஆட எந்திரிச்சானாம், காலை இழுத்தானாம்,
அவன் மனசு நோகக்கூடாதுன்னு
ஊரே இழுத்து ஆடிச்சாம்.
இன்னொரு கதையும் இருக்கு,
சங்கிலி போட்ட காலோட கரும்பு வெட்டினவங்க நடைன்னு.
எது நெசம்னு தெரியலக்கா."

முதல் கதையை நான் நம்பவில்லை.
எந்த ஊரும் அவ்வளவு நல்ல ஊர் இல்லை.
இரண்டாவதுக்கு நெசம் பொய் பார்க்கத் தோன்றவில்லை.
கணுக்காலைத் தடவிக்கொண்டு
குரலை மறுபடி ஓடவிட்டேன்.

அன்றிரவு ஏழாம் எண் கூண்டு.
கிரானைட் பாளம், பாலக்கோட்டுத் தக்காளி,
ஒசூர்ப் பக்கம் போகிற எல்லாமும்
வேகத்தடையில் முன்சக்கரம், பின்சக்கரம்,
டடக், டடக்.
இரண்டு மணிக்கு ஒரு நாமக்கல் முட்டை லாரி,
ஃபாஸ்டேக் படிக்காமல் நின்றது.
முட்டை. சர்க்கரை. நுரை.
எனக்குச் சிரிப்பு.
மேசைக்கு அடியில்
இடது கால் ஒரு எட்டு நகர,
வலது கால் இழுத்துக்கொண்டு வந்து சேர்ந்தது,
யாரும் கூப்பிடாமல்.
"சிரிச்சது போதும், கேட்டைத் தூக்கும்மா."

இன்று மாடியில்
கெம்பம்மா என் இடுப்பைப் பிடித்தாள்.
"அந்த நாட்டுல ஜோடியாத்தான் ஆடுவாங்களாம்,
வீடியோல பாத்தேன்."
கையில் மாம்பழமும் பசையும் மணத்தன.
"காலை மிதிச்சிடாத" என்றேன்.
"எந்தக் காலை?"
"ரெண்டையும்தான்."

கீழே டயர் கடைக்காரர்
கம்பியால் கூரையை இடிக்கத் தொடங்கினார்,
தாளத்துக்குச் சம்பந்தமே இல்லாமல்.