பத்து கிரேட்

பாதி மலை இறங்கிய பிறகுதான்
பின்பக்கம் லேசாக இருப்பது உறைத்தது.

திரும்ப ஏறினேன்.
குரங்குக்குப் பயந்து குனிந்த இடமா,
செல்போன் அணையும்வரை படம் எடுத்த இடமா?
ராயக்கோட்டைப் பாறைகளெல்லாம்
என்னை இதற்குமுன் பார்த்ததே இல்லை
என்று சாதித்தன.

கீழே, தக்காளி மண்டியில்,
போலீஸ் ஸ்டேஷனுக்கு வழி கேட்டேன்.
"எந்தூரு?" கை நிற்காமல் கேட்டார் முனிரத்தினம்மா.
தூத்துக்குடி.
"கடலு இருக்கிற ஊரு" என்றார்,
தொலைக்க அங்கே இடமில்லையா என்பதுபோல.

என்னென்ன இருந்தது?
எழுநூற்று நாற்பது ரூபாய். லைசென்ஸ். ஏடிஎம் கார்டு.
சொல்லச் சொல்ல விரல் மடக்கினார்.

நான்காவது விரலுக்கு நான் எதுவும் தரவில்லை.
குடும்பநல நீதிமன்ற வாய்தாச் சீட்டு அது,
மடிப்பில் கிழிந்து, டேப் ஒட்டியது.
வழக்கு முடிந்தே இரண்டு வருடம்.
எதற்கு வைத்திருந்தாய் என்று
அவர் கேட்டிருந்தால்?
கேட்கவில்லை. கிரேட்டைத் தள்ளினார்.

"பத்து பிரிச்சுக் குடு. ஓசூரு பஸ்ஸுக்கு ஆகும்.
பழம் இந்தப் பக்கம், செங்காய் அந்தப் பக்கம்.
வெடிச்சத மேல போடாத,
மத்ததையும் நனைச்சிடும்."

ஆறாவது கிரேட்டில்தான் கைக்குப் பிடிபட்டது.

மேலே இந்நேரம் எந்தக் குரங்கோ
அந்தச் சீட்டைப் பிரித்து, முகர்ந்து,
தின்ன லாயக்கில்லை என்று
எறிந்திருக்கும்.

உத்தனப்பள்ளி தாண்டியும் நகக்கண்ணில் காம்பு வாசனை.
கண்டக்டர் கொடுத்த மீதி ஒன்பது ரூபாயை
எங்கே வைப்பதென்று தெரியாமல்
கையிலேயே பிடித்துக்கொண்டு வந்தேன்,
ஓசூர்வரை.