மேற்படி

ஆரல்வாய்மொழியில் ஆடி மாதம்
கதவைத் திறக்க இரண்டு பேர் வேண்டும்,
மூடுவதைக் காற்றே பார்த்துக்கொள்ளும்.

நின்றுபோன நூற்பாலையின் நாலாம் குடோன்.
அரக்கு முத்திரையில் பல்லித் தடம்.
அண்ணன் தம்பி பாகப்பிரிவினை வழக்கு.
வரிசை பதினேழு: பழைய போர் விமானம் ஒன்று.
பதினெட்டு: மேற்படி விமானத்துக்கு உதிரி எஞ்சின், பெட்டியோடு.
விமானம் அண்ணனுக்கு, பெட்டி தம்பிக்கு.
பதினோரு வருடத்தில்
இருவரும் சண்டையில்லாமல் கையெழுத்திட்ட பக்கம்
அது ஒன்றுதான்.

நான் ஆணையரின் எழுத்தர்.
மாதம் ஒருமுறை வந்து
எஞ்சின் துளைகளில் செருகிய சிலிக்கா குப்பிகளைப் பார்ப்பேன்.
நீலமென்றால் சரி.
ரோஸென்றால் கடல் உள்ளே வந்துவிட்டது.

இந்த மாதம் எல்லாமே ரோஸ்.

முட்டத்திலிருந்து கிளீற்றஸ் வந்தார்,
விசைப்படகின் இருமலைக் கரையில் நின்றே
இன்னாருடையது என்று சொல்பவர்.
எண்ணெய் விட வந்தவர்
விசிறி இறக்கையின் முறுக்கைத்
தடவிக்கொண்டே நின்றார்,
மீனின் செவுளைப் பார்ப்பதுபோல.

"பேப்பர்ல என்ன போட்டிருக்கு?"
"மெர்லின்."
"பெட்டியில கெடக்கது மெர்லின்.
ஓட்டுறவன் கண்ணுக்கு வலஞ்சுழி.
இதுல இருக்கது கிரிஃபன், இடஞ்சுழியாக்கும்.
அது இருபத்தேழு லிட்டர், இது முப்பத்தாறுக்கு மேல.
ஒரே கம்பெனிதான்,
பன்னிரண்டு சிலிண்டர்தான்,
ஒரு போல்ட்டும் சேராது கேட்டியளா."

ஏறி உள்ளே பார்த்தேன்.
இருக்கையில் எலிப் புழுக்கை.
வலது மிதியில் வரிகள் அப்படியே இருந்தன,
இடது மிதி தேய்ந்து வழவழவென்று.
மேலே, கருவிப் பலகையின் ஓரத்தில்
ஆங்கிலத்தில் பென்சில் எழுத்து:
இடது. இடது. இடது.

மெர்லினில் வலது காலை ஊன்றிப் பழகியவன் போலும்.
எஞ்சின் மாறியதும்
ஓடுபாதை மறுபக்கம் இழுத்திருக்கும்.
மூன்றாவது 'இடது' மட்டும்
பென்சில் முனை ஒடிந்து
தகரத்தைக் கீறியிருக்கிறது.

கிளீற்றஸ் கை கழுவிவிட்டுக் கூலி வாங்கிக்கொண்டார்,
பேருந்துக் காசு தனியாக.

வெளியே காற்றாலைகள் ஒன்றுகூட மாறாமல்
ஒரே திசையில் சுற்றுகின்றன.
அறிக்கையில் நான் அடிக்க வேண்டியது ஒரு சொல்தான்,
'மேற்படி'.
அடித்தால்
இன்னொரு பதினோரு வருடம்.

தோவாளைத் திருப்பத்தில் காற்று
ஸ்கூட்டரைப் பக்கவாட்டில் தள்ளியது.
எந்தக் காலை ஊன்றுவதென்று
ஒரு கணம்
தெரியவில்லை.