பாகப் பட்டியல், இரண்டாம் திருத்தம்

விசிறியைத்தான் முதலில் வெட்டினோம்.
காற்றே இல்லாத இடத்தில் அது எதை வீசும்?
சூடு செம்பைத் தொட்டு, சட்டத்தைத் தொட்டு,
இருட்டைப் பார்த்து மெல்லக் கசியவேண்டும்.

உள்ளே ஈரமுள்ள மின்தேக்கிகள் வேண்டாம்,
வெற்றிடத்தில் வயிறு ஊதும்.
தனி வெள்ளீயமும் வேண்டாம்,
மயிர் முளைத்துப் பக்கத்துக் காலைத் தொடும்
என்ற நிதுர்சன்
ஈயம் கலந்த பழைய பற்றாசு தேடிப்
பரந்தனிலிருந்து வவுனியா வரை கடை ஏறினான்.
ரேடியோ திருத்துகிற ஒருவர் அரைச் சுருள் தந்தார்.
எதுக்கெண்டு கேட்கவில்லை.

கிளிநொச்சியில் வெற்றிட அறை கிடையாது.
பாண் இறக்கிய பிறகு
வெதுப்பகத்துப் போறணைக்குள் பலகையை வைத்தோம்.
மறுநாள் முல்லைத்தீவு வாடியில்
ஐஸுக்கும் பாரை மீனுக்கும் நடுவே.
ஒட்டுசுட்டான் கிரவல் ரோட்டில்
உழவு இயந்திரப் பெட்டியில் கட்டி இழுத்ததில்
ஒரு திருகாணி கழன்றது.
எந்தத் திருகாணி என்று எழுதிவைத்தேன்.

கதிர்வீச்சுக்கு மட்டும் எங்களிடம் ஒன்றுமில்லை.
புற்றுநோய்ப் பிரிவின் இயந்திரத்தில்
அரை மணித்தியாலம் கேட்டு எழுதினோம்.
நோயாளர் வரிசை நீளம் என்று பதில் வந்தது.
அது சரியான பதில்.

இனிச் சில்லு.
சில்லு வாங்கவேணும் என்றதும்
கொள்வனவு எழுதுநர் கேட்டார்,
"எந்த வாகனத்துக்கு?"

புதியது வேகம். கோடுகள் மிக ஒல்லி.
எங்கோ வெடித்த நட்சத்திரத்தின் ஒரு துகள் தட்ட,
பூச்சியம் ஒன்றாகிவிடும்.
பழையது மந்தம், தடித்த கோடு,
விலையோ எங்கள் முழுப் பணத்துக்கும் மேல்.

கஜரூபி முகமாலையில் மூன்று வருஷம்
கண்ணிவெடி தேடும் கருவி பிடித்தவள்.
"கருவி கத்தினா எனக்குப் பயமில்லை," என்றாள்.
"ஆணியாயும் இருக்கும், தகரமாயும் இருக்கும்.
கத்தாத நிலத்திலதான் கால் கூசும்.
பிழைக்காத சில்லு தேடாதையுங்கோ.
பிழைச்சா எங்களுக்குத் தெரியவேணும்."

ஆகவே மலிவானதில் மூன்று.
மூன்றும் ஒரே கணக்கைச் செய்யும்,
இரண்டு சொல்வதே விடை.
மாறிச் சொன்னதைக்
காவல் கடிகாரம் அணைத்து எழுப்பும்.

"மூண்டும் ஒரே நேரம்
ஒரே மாதிரிப் பிழைச்சா?"
அதையும் அவள்தான் கேட்டாள்.
பட்டியலில் அதற்கொரு நிரல் கீறி
வெறுமையாய் விட்டிருக்கிறேன்.

மூன்று சில்லுகளால் ஆறு கிராம் கூடிப்போனது.
நிதுர்சன் பலகையின் மூலைகளை
அரத்தால் தேய்க்கிறான்.
மேசையெல்லாம் பச்சைத் தூள்.
தராசு இன்னும் நாலில் நிற்கிறது.