அறுநூற்றைம்பது சொற்கள்

டுலூத்தில் பனி அப்பிய ஜன்னலோரம்
லேப்டாப்பை என் பக்கம் திருப்புகிறாள் ஹேட்டி.
"நீ கடந்து வந்த துன்பம் ஒன்றை எழுது"
என்கிறது கல்லூரி விண்ணப்பம்.

துன்பம் அண்டக்கூடாதென்றுதானே
பல் கம்பிக்கும் நீச்சலுக்கும் செலோவுக்கும்
பதினேழு வருஷம்
இரட்டை ஷிப்ட் பார்த்தேன்!
இப்போது அதுவே குறையாம்.

மணிக்கு முந்நூறு டாலர் வாங்கும் ஆலோசகர்
உதட்டைப் பிதுக்கினார்:
"செலோ எல்லாரிடமும் இருக்கிறது."

அவள் எழுதியே முடித்திருந்தாள்,
லைல் எங்களை விட்டுப் போன மார்ச் மாதத்தை,
காரேஜில் விளக்கை அணைத்துவிட்டு
நான் அழுததை.
தெரியாதென்றே நினைத்திருந்தேன்.

"நல்லாயிருக்காம்மா?"

காற்புள்ளி இரண்டு திருத்தினேன்.
பதினோரு சொல் கூடுதல்.
மார்ச்சை வெட்டினேன், விளக்கை வெட்டினேன்.
அழுகை இருக்கட்டும்,
அதற்குத்தான் இடம் கிடைக்கும்.