பீட்ரூட் மை

மாளிகையின் நாற்பது விளக்குகளில்
முப்பத்தாறை அணைக்கச் சொன்னது அவர்தான்.
மிச்ச வெளிச்சத்தில்
கையெழுத்துப் போட்டுக்கொண்டிருக்கிறார்
அதிபர் எவரிஸ்தோ லந்தாயெத்தா.
ஆகஸ்ட். அந்த நாட்டில் அது குளிர்காலம்.

வெடியுப்பை வாங்க உலகத்தில் ஆளில்லை.
வடக்குத் துறைமுகத்தில் குன்று குன்றாய்க் கிடக்கிறது.
மழையே அறியாத ஊர் என்பதால்
கரைந்து தொலையவும் மாட்டேன் என்கிறது.

சுரங்கம் மூடி ரயில் ரயிலாக வந்து இறங்கியவர்கள்
தலைநகரின் குதிரைப் பந்தயத் திடலில்
படுத்திருக்கிறார்கள்.
நேற்று அங்கே போனார், காவலர் இல்லாமல்.
ஒருவரும் கல்லெறியவில்லை.
கொஞ்சம் நகர்ந்து
வரிசையில் இடம் விட்டார்கள்,
சூப்புக்கு வந்தவர் என்று நினைத்து.

நிதியமைச்சர் ஒச்சகாவியா இருமினால்
எங்கோ ஒரு வங்கி விழுந்திருக்கிறது என்று பொருள்.
இன்று இருமல் நிற்கவேயில்லை.
லண்டனிலிருந்து தந்தி: தவணை.
நியூயார்க்கிலிருந்து தந்தி: தவணை.
"ஆசிரியர் சம்பளத்தில் மூன்றிலொரு பங்கை வெட்டலாம்."
"கொடுக்காத சம்பளத்தில் எதை வெட்டுவது?"
"கணக்கில் வெட்டலாம் ஐயா.
தந்தி அடிப்பவர்கள் பார்ப்பது கணக்கைத்தான்."

தபாலில் ஓர் உறை.
அக்கா எதுவிகிஸ்,
வெடியுப்பு ஊரில் மூன்றாம் வகுப்பு ஆசிரியை,
ஏழு மாதமாய்ச் சம்பளம் காணாதவள்.
தம்பியின் போன வார வானொலி உரையைச்
செய்தித்தாளிலிருந்து கத்தரித்து
திருத்தி அனுப்பியிருக்கிறாள்.

'பொறுமை' ஒன்பது இடத்தில்.
ஒன்பதிலும் சுழி.
ஓரத்தில்: கூறியது கூறல்.
'தியாகம் செய்யப்படும்' — யாரால்? எழுவாய் எங்கே?
'விரைவில்' — எந்தக் கிழமை?
அடியில் மதிப்பெண்: பத்துக்கு நான்கு.

பின்குறிப்பு:
சிவப்பு மை தீர்ந்து நாளாகிறது.
இது பீட்ரூட் வேகவைத்த தண்ணீர்.
கிழங்கைப் பிள்ளைகள் தின்றுவிட்டார்கள்.

நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்தார்.
பிறகு சம்பள வெட்டு ஆணையிலும்
கையெழுத்துப் போட்டார்.
போடத்தான் செய்தார்.
அதை மறைப்பதற்கில்லை.

இரவு எட்டு மணி, ஒலிவாங்கி.
புதிய உரை, பழைய தட்டச்சுக்காரர்.
மூன்றாம் பத்தியில் வந்து நிற்கிறது
அந்தச் சொல்.
வாயெடுத்தவர் நிறுத்திக்கொள்கிறார்.
வேறொன்றைத் தேடுகிறார்.
நாட்டின் நீளம் முழுக்க
வெறும் இரைச்சல்.

வடக்கே, மருந்துக்கடையில்
ஊருக்கே ஒன்றான வானொலிப் பெட்டி.
கரண்ட் போய்விட்டதென்று
யாரோ அதன் தலையில் தட்டுகிறார்கள்.
கடைக்காரர் குமிழைத் திருகிப் பார்க்கிறார்.

பின்னால், கதவோரம்
விரல்நுனி சிவந்த ஒருத்தி சொல்கிறாள்:
"தட்டாதீர்கள்.
யோசிக்கிறான்."