நகக்கீற்று

ஓ'டெல் என்ற பெயரில்
மேலே தொங்கும் அந்த நகக்கீற்று
எங்கள் மென்பொருளுக்குச் செரிக்கவில்லை.
பதினோரு வாரமாக
வெர்னா ஓ'டெல்லின் வண்டி அனுமதி
'பரிசீலனையில்' நிற்கிறது.
பக்கத்து வீட்டுக்காரரின் நிலக்கரி லாரியில்
டயாலிசிஸுக்குப் போய்வருகிறாள்.

ஒப்பந்தம் நானூற்றுப் பன்னிரண்டு பக்கம்.
இரண்டு நொடிக்குள் திரை திறக்க வேண்டும், இருக்கிறது.
தவறினால் அபராதம், இருக்கிறது.
கீற்றைப் பற்றி ஒரு வரி இல்லை.
"வரம்புக்கு வெளியே" என்கிறார்
நிறுவனத்தின் கிரெக் ஹால்வர்சன்,
மிக மரியாதையாக,
விலைப்பட்டியலையும் இணைத்து.

சார்ல்ஸ்டனில் ஜூன் கடைசி.
கனாவா நதியின் மேல் மூடுபனி.
முப்பதாம் தேதி நள்ளிரவில்
செலவழியாத பணம் செத்துப்போகும்.
திருத்தம் பதினேழுக்கு
ஆறு கையெழுத்து வாங்கிவிட்டேன்.
ஏழாமவர் மீன்பிடிக்கப் போயிருக்கிறார்.

நானே அவளை அழைத்தேன்.
விதியில் அதற்கும் இடமில்லை.
"அதுவா? செவ்வாய்க்கிழமையே சரியாயிடுச்சே.
கவுண்டர் பையன் அந்தக் குறியை எடுத்துடச் சொன்னான்,
எடுத்துட்டேன்.
அது புருஷன் வீட்டுச் சொத்து.
அவரே போயாச்சு."
சிரித்தாள்.
பின்னால் ஏதோ இயந்திரம்
சீராக மூச்சுவிட்டது.

புகார் மூடப்பட்டது: பயனாளரே தீர்த்துக்கொண்டார்.
என் அறிக்கையில் கட்டம் பச்சையானது.
கிரெக் கட்டைவிரல் அனுப்பினார்.

முப்பதாம் தேதி மாலை
ஏழாவது கையெழுத்தும் வந்தது,
மன்னிப்போடும் ஒரு மீன் படத்தோடும்.
இனி எதற்கு என்று
மாவட்டப் பட்டியலைத் திறந்தேன்.
ஓ'ஹாராக்கள், டி'அமிகோக்கள்,
இருநூற்று ஆறு பேர்,
தலைக்குமேல் ஆளுக்கொரு கீற்று.
எடுத்துவிடலாம் என்று
அவர்களுக்கு இன்னும் யாரும் சொல்லவில்லை.

பதினொன்று நாற்பதுக்கு
அனுப்பினேன்.